'அனுபவமுள்ளவர்' என்று எழுதலாமா? தனிக் குதிரைச் சவாரி பற்றி வாசகர் கேள்விகள்

அனுபவமுள்ளவர்களுக்கென்று தனியாக ஏற்பாடு செய்யும் ட்ரெயில் ரைடு, அதாவது களத்துக்கு வெளியே காட்டுப் பாதையில் போகும் குதிரைச் சவாரி பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: எட்டு வருடமாகச் சவாரி செய்கிறேன். பயிற்சிக் களத்தில் கேண்டர் (மிதமான வேகத்தில் தாவி ஓடுவது) நன்றாக வரும், சின்னத் தடைகளைத் தாண்டவும் செய்வேன். நானும் கணவரும் மட்டும் போகும்படி ஒரு தனிச் சவாரி பதிவு செய்து, படிவத்தில் இருவருக்கும் 'அனுபவமுள்ளவர்' என்று குறித்தேன். அப்புறமும் கைடு போன் செய்து கால் மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? (கணவர் இதுவரை பத்துப் பதினைந்து முறை ஏறியிருப்பார்.)

பதில்: இல்லைங்க. அப்படிக் கேட்கிற கைடு கிடைத்ததற்குச் சந்தோஷப்படுங்கள். ஒன்றுமே கேட்காமல் "வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்பவரிடம்தான் நான் போக மாட்டேன்.

களம் என்பது சமமான மண், நான்கு பக்கமும் வேலி, எந்த மூலையில் வேகம் குறையும் என்று உங்களைவிடக் குதிரைக்கு நன்றாகத் தெரிந்த இடம். அங்கே கேண்டரைத் தொடங்குவது நீங்கள்தான், ஆனால் நிறுத்துகிற வேலையில் பாதியை அந்த வேலி செய்கிறது. வெளியே வேலி கிடையாது. மேடு, பள்ளம், உருளும் கல், திடீரென்று புதரிலிருந்து கிளம்பும் பறவை, வெயிலிலிருந்து அடர்ந்த மர நிழலுக்குள் நுழையும் இடம் என்று எல்லாம் வரும். குதிரையின் கண் இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும், அதனால் நிழலின் விளிம்பில் அது தயங்கி நின்றால் அது பிடிவாதமில்லை, அதற்கு நிஜமாகவே முன்னால் தெரியவில்லை. அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டு இரண்டு நொடி கொடுப்பவரைத்தான் நான் அனுபவசாலி என்பேன். குதிகாலால் இடிப்பவர் எட்டு வருடம் களத்தில் சுற்றியிருந்தாலும் பாதைக்குப் புதியவர்தான்.

நல்ல கைடு "கேண்டர் வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடமாட்டார். திறந்த வெளியில் முன்னால் இன்னொரு குதிரை ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் குதிரையை மட்டும் நடைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்களா, தொடர்ந்து எத்தனை மணி நேரம் சேணத்தில் இருந்திருக்கிறீர்கள், கடைசியாக ஏறியது எப்போது, கடைசியாக விழுந்தது எப்படி, தரையிலிருந்து ஏறுவீர்களா என்றெல்லாம் கேட்பார். இதெல்லாம் உங்களை மட்டம் தட்டுவதற்கு இல்லை. லாயத்தில் நிற்கும் குதிரைகளில் எதை உங்களுக்குக் கொடுப்பது என்று அவர் மனசுக்குள் பொருத்திப் பார்க்கிறார்.

நானும் ஒருமுறை அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். ஒன்றரை வருடம் குதிரைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, பழைய நினைப்பில் ஒரு முழுநாள் சவாரிக்குப் போனேன். மூன்றாவது மணி நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. ட்ராட்டில் (குலுக்கிக் குலுக்கிப் போகும் துள்ளல் ஓட்டம்) எழுந்து உட்கார முடியவில்லை, ஒவ்வொரு அடிக்கும் முழு எடையோடு சேணத்தில் விழுந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் குதிரை ஒன்றும் செய்யவில்லை, காதை மட்டும் பின்னுக்கு மடக்கிக்கொண்டு என்னைச் சுமந்தது. திரும்பி வந்து சேணத்தை எடுத்துவிட்டு அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். தோல் வெட்டி இழுத்தது, முதுகே கீழே இறங்கி என் கையிலிருந்து விலகியது. நான் எழுதிய ஒரு சொல்லுக்கு வலி அனுபவித்தது அது. அன்றிலிருந்து படிவத்தில் கடைசியாக ஏறிய தேதியை, கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

சரி, உங்கள் கணவர் விஷயம். இரண்டே பேர் போனாலும் வேகத்தைத் தீர்மானிப்பவர் அனுபவம் குறைந்தவர்தான். அவர் சமாளித்துக்கொள்வார், நான் மட்டும் கொஞ்ச தூரம் கேண்டரில் போய் வருகிறேன் என்று நினைக்காதீர்கள். குதிரை கூட்டமாக வாழும் பிராணி, உங்களுடையது பாய்ந்து போனால் அவருடையது நின்று வேடிக்கை பார்க்காது. இன்றே கைடைக் கூப்பிட்டு, கணவரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இருவரும் நிதானமாகப் போகிற பாதையைக் கேளுங்கள், கேண்டர் வேண்டுமென்றால் இன்னொரு நாள் நீங்கள் மட்டும் போங்கள்.

கேள்வி: என் எடையைக் கேட்கிறார்கள். சங்கடமாக இருக்கிறது. நான்கைந்து கிலோ குறைத்துச் சொன்னால் என்ன ஆகிவிடும்?

பதில்: சங்கடம் புரிகிறது, ஆனால் குறைத்துச் சொல்லாதீர்கள். சவாரி செய்பவர், சேணம், பை எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு. 450 கிலோ குதிரை என்றால் மொத்தம் 90 கிலோ. அதில் கனமான வெஸ்டர்ன் சேணமே 15 கிலோ வந்துவிடும். மலைப்பாதை, வெயில், நீண்ட நேரம் என்றால் இதையும் குறைப்பார்கள். நீங்கள் மறைக்கிற ஐந்து கிலோ அதன் முதுகில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். உண்மையைச் சொன்னால் பெரிய குதிரையைக் கொடுக்கப்போகிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நாங்கள் மூன்று பேரும் நன்றாகவே சவாரி செய்வோம். தனியாகப் பணம் கட்டிப் போயும் முதல் அரை மணி நேரம் வெறும் நடைதான். நடுவில் இறங்கி வாரை வேறு இறுக்கச் சொன்னார்கள். திரும்பும்போதும் கடைசி இருபது நிமிடம் நடை. நேரத்தைக் கடத்துகிறார்களா?

பதில்: கடத்தவில்லை. நான் போயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

வயிற்று வாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பி வைத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்த பிறகு தசை தளர்ந்து, சேணத்துக்கு அடியில் இருக்கும் துணியும் அமுங்கி, வார் இரண்டு துளை அளவுக்குத் தொளதொளத்துவிடும். அதைப் பார்க்காமல் மேட்டில் ஏறினால் சேணம் பின்னால் நழுவும், திருப்பத்தில் பக்கவாட்டில் சரியும்.

உடம்பு சூடாவதும் முக்கியம். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும், அதை நடையில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கேண்டரிலும் கேலப்பிலும் (முழு வேக ஓட்டம்) ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில்தான் அது சுவாசிக்கும், இடையில் கூடுதலாக ஒரு மூச்சு எடுத்துக்கொள்ள வழியில்லை. அதனால்தான் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நின்றதும் அப்படி வாங்குகிறது. நீண்டதூரக் குதிரைப் போட்டிகளில் ஒவ்வொரு கட்டத்திலும் நாடி 64க்கு இறங்கினால்தான் அடுத்த கட்டத்துக்கு விடுவார்கள் என்பது வழக்கமான அளவு. உங்களிடம் கருவி எதுவும் வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் முன்னால் குனிந்து விலாவைப் பாருங்கள், மூச்சு அடங்குகிற வரை அடுத்த ஓட்டத்தைக் கேட்காதீர்கள்.

தனிச் சவாரியின் அருமையே இதுதான் என்று நினைக்கிறேன். பத்துக் குதிரை வரிசையாகப் போகும்போது உங்கள் குதிரை களைத்தாலும் வரிசையோடு போக வேண்டியிருக்கிறது. மூன்றே பேர் என்றால் "கொஞ்சம் நிற்கலாமா" என்று கேட்டுவிட்டு நின்றுவிடலாம். கொடுத்த பணத்துக்கு வேகம் கிடைக்கவில்லை என்று வருந்தாதீர்கள், நிறுத்துகிற உரிமை கிடைத்தது.

கடைசி இருபது நிமிடத்துக்குக் காரணம் வேறு. லாயம் பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்தால் எந்தக் குதிரையும் வேகம் பிடிக்கும். ஒருமுறை ஓடிக்கொண்டு வீடு சேர விட்டால் அடுத்த முறை ஏறுகிறவர் அதைப் பிடித்து நிறுத்தப் படாத பாடு படுவார்.

கேள்வி: ஓடையைக் கண்டாலே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் நீங்கள் தண்ணீரைப் பார்க்காதீர்கள். எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ பாறையையோ பார்த்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் கீழே குனிந்தால் எடை முன்னால் போய் அதன் தோளில் விழும், குதிரை ஏற்கெனவே உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் சுமக்கிறது. லகானைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்க விடுங்கள். நெற்றிக்கு நேர் முன்னால், மூக்கின் அடியில் அதற்குக் கண் தெரியாத பகுதி உண்டு, தலையை அசைத்துப் பார்த்தால்தான் ஆழம் பிடிபடும்.

பழகிய குதிரையை முன்னால் விடுங்கள், பெரும்பாலும் மற்றது பின்னாலேயே வந்துவிடும். ஆனால் முன்னால் போனவர் கரையேறியதும் அப்படியே போய்விடக் கூடாது. துணை மறைந்தால் தண்ணீரில் நிற்பது பதறி ஒரே தாவாகத் தாவும்.

குடிக்கிறதா, குடிக்கட்டும். சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வது சரியில்லை, குடித்துவிட்டுத் தொடர்ந்து நடந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் குடிப்பதை நிறுத்திவிட்டு முன்னங்காலால் தண்ணீரை மடார் மடார் என்று அடிக்க ஆரம்பித்தால் விளையாடுகிறது என்று ரசித்துக்கொண்டிருக்காதீர்கள். அடுத்தது முழங்கால் மடங்கும், அப்புறம் சேணத்தோடும் உங்களோடும் புரளும். அடித்த முதல் அடிக்கே அதன் தலையைத் தூக்கி, உங்கள் காலால் விலாவை அழுத்தி முன்னால் நடத்திவிடுங்கள்.

கேள்வி: என்ன உடை, என்ன எடுத்துப் போவது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: ஹெல்மெட், ஒருமுறை பலமாக அடிபட்டதென்றால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் வேறு வாங்குங்கள். சின்னக் குதிகால் வைத்த பூட்ஸ், இல்லையென்றால் பாதம் அங்கவடிக்குள் (கால் வைக்கும் வளையம்) முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். போனை சேணப் பையில் வைக்காதீர்கள். நீங்கள் விழுந்தால் குதிரையோடு போனும் போய்விடும், உதவிக்கு யாரையும் கூப்பிட முடியாது. உடம்பில் இருக்கட்டும்.

கேள்வி: குதிரை மிரண்டு ஓடினால்? எனக்கு இது ஒன்றுதான் பயம், பத்து வருடம் ஆகியும் போகவில்லை.

பதில்: போக வேண்டிய பயமில்லை அது, வைத்துக்கொள்ளுங்கள்.

மிரண்டு ஒரு தாவு தாவுவதும் பிய்த்துக்கொண்டு ஓடுவதும் ஒன்றல்ல. தாவினால் பிடரியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஓடிவிட்டால் உடம்பு தானாகவே முன்னால் சுருண்டு கால் இறுகும், குதிரைக்கு அது இன்னும் வேகமாகப் போ என்று சொல்வது போல. அதனால் சிரமப்பட்டாவது நிமிர்ந்து, ஆழமாக உட்கார்ந்து, மூச்சை வெளியே விடுங்கள். இரண்டு லகானையும் விடாமல் இழுத்துப் பிடித்தால் அது கடிவாளத்தின் மேல் சாய்ந்துகொண்டு ஓடும், இழுத்து விட்டு இழுத்து விட்டுப் பாருங்கள். அகலமான திறந்த வெளி என்றால் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். ஒற்றையடிப் பாதையிலோ சரிவிலோ ஒரு பக்க லகானைச் சுண்டி இழுக்கவே கூடாது, கால் தட்டி இரண்டு பேரும் விழுவீர்கள்.

இன்னொன்று, இதை ஏறுவதற்கு முன்பே கூட வருபவர்களிடம் பேசிவையுங்கள்: யாருடைய குதிரை ஓடினாலும் மற்றவர்கள் துரத்தக் கூடாது, அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டால் அது பந்தயம் போலத்தான் ஓடும், துணை நின்றுவிட்டதென்று தெரிந்தால் வேகம் குறைய வாய்ப்பு அதிகம். காப்பாற்றப் போகிறேன் என்று பின்னால் பாய்ந்த நல்ல மனசுக்காரர்களால் மோசமானதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

குளவிக் கூடு மட்டும் விதிவிலக்கு. தரையில் இருக்கும் கூட்டை முதல் குதிரை மிதித்துக் கிளப்பிவிடும், கொட்டு வாங்குவது பின்னால் வருபவை. கத்திச் சொல்லிவிட்டு எல்லோரும் அங்கிருந்து நகருங்கள், நிற்காதீர்கள்.

கேள்வி: சவாரி முடிந்ததும் குதிரையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்தானே? அவர்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பதில்: பார்த்துக்கொள்வார்கள்தான். இருந்தாலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சேணத்தை எடுத்ததும் முதுகில் வியர்வைத் தடம் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் நல்லது. நனைந்த பரப்பின் நடுவே உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கே சேணம் அழுத்தியிருக்கலாம். கையை வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள், தோல் வெட்டி இழுக்கிறதா, முதுகு விலகுகிறதா என்று. வார் உரசும் இடத்தையும், அதாவது முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால், தடவிப் பாருங்கள். நான்கு குளம்பையும் தூக்கிக் கல் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எது தெரிந்தாலும் கைடிடம் சொல்லிவிட்டு வாருங்கள், நாளைக் காலை அதன் மேல் வேறொருவர் ஏறுவதற்கு முன்னால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.