வயிற்றோட்டம் நின்ற பிறகும் குடல் ஆற நாள் வேண்டும்

கேள்வி: வெள்ளம் வடிந்த கிழமை எங்கள் இரண்டு வயது மகனுக்குச் சத்தியும் வயிற்றோட்டமும் வந்து மூன்று நாளில் நின்றது. இப்போது பசுப்பால் கொடுத்தால் வயிறு ஊதி, புளித்த மணத்தோடு தண்ணீராய்ப் போகிறான். அம்மம்மா கஞ்சித்தண்ணி மட்டும் கொடுக்கச் சொல்கிறார். சரியா?
(விசுவமடு வாசகி)

பதில்: வெறும் கஞ்சித்தண்ணி போதாது, குடல் ஆறுவது பிந்தும். பாலைப் பற்றிய உங்கள் சந்தேகம் சரி.

சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சடைமுளைகளைப் போர்த்தியிருப்பது ஒரே அடுக்குக் கலங்கள். பால்வெல்லத்தைச் செரிக்கும் நொதியம் சடைமுளையின் நுனிப்பக்கத்தில்தான் இருக்கிறது. வைரசு வயிற்றோட்டத்தில் முதலில் சிதைவதும் அந்த நுனிதான். செரிக்காத பால்வெல்லம் பெருங்குடலில் நொதித்துத்தான் அந்தக் காற்றும் புளித்த மணமும்.

இனி ஆறும் விதம். அந்த அடுக்கின் கீழேயே உள்ளார்ந்த நிணநீர்க் கலங்கள் என்ற காவற் கலங்கள் குடியிருக்கின்றன. இன்ன கிருமி என்று இனங்காணும் ஏற்பி இவற்றுக்கு இல்லை. பக்கத்துக் கலங்கள் விடும் அபாயச் செய்தி கிடைத்தாலே சில மணித்தியாலத்தில் வேலை தொடங்கிவிடும். கிருமியைக் கற்றுக்கொண்டு வரும் நிர்ப்பீடனத்துக்கு ஒரு கிழமையளவு தேவை. உள்ளார்ந்த நிணநீர்க் கலங்களின் மூன்றாம் வகை சுரக்கும் இன்ரர்லூக்கின் 22 என்ற செய்திப் புரதம் தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. மேலடுக்குக் கலங்களைச் சீதமும் கிருமிகொல்லிப் புரதங்களும் சுரக்க வைக்கும். சடைமுளையடிக் குழிகளிலுள்ள மூலக் கலங்களை விரைந்து பிரிய வைக்கும். அங்கே பிறந்த கலம் மெல்ல மேலேறி நுனிக்கு வர 3 முதல் 5 நாள். அடுக்கு மூடிய பிறகும் நொதியம் பழையபடி சுரக்கச் சில கிழமை செல்லலாம்.

ஆகவே ஒன்றிரண்டு கிழமை பசுப்பாலை விட்டு, நன்றாக உறைந்த தயிர் கொடுங்கள். அதில் பால்வெல்லத்தின் ஒரு பங்கை உறைமோரின் பற்றீரியாக்களே தின்றிருக்கும். தாய்ப்பால் குடிக்கிறவனென்றால் அதை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். குழைந்த சோறு, பருப்பு, மீன் அல்லது முட்டையை ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். முருங்கையிலையையும் பூசணியையும் தேங்காய்ப்பாலில் அவித்து மசியுங்கள்: இவற்றிலுள்ள விற்றமின் ஏ உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். எலிகளில் விற்றமின் ஏ குறைந்தபோது இந்த மூன்றாம் வகைக் கலங்களே குறைந்துபோனதை ஆய்வு காட்டியிருக்கிறது. சிங்க் மருந்தை இந்த வயதில் நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் 10 முதல் 14 நாள் கொடுப்பார்கள். பலர் ஓட்டம் நின்றதும் போத்தலை மூடிவைத்துவிடுகிறார்கள், அது பிழை.

தண்ணீராய்ப் போகும் ஒவ்வொரு தடவையும் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புக் கரைசல்) 100 மில்லிலீற்றர், கரண்டி கரண்டியாக. 1 லீற்றர் பைக்கற்றை முழுதாக 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். கோப்பைத் தண்ணீரில் பாதிப் பைக்கற்றைக் கொட்டுவது ஆபத்து: செறிந்த உப்பு உடலிலிருந்தே நீரைக் குடலுக்குள் இழுக்கும். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை, அந்த நீரைக் கொதிக்கவைக்காமல் தொடவேண்டாம்.

மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லாமை, குடிக்க மறுப்பு, இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: இப்படியான வயிற்றோட்டத்துக்கு வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் (பற்றீரியாவைக் கொல்லும் மருந்து) கொடுக்கலாமா?
(மாங்குளம் வாசகர்)

பதில்: வேண்டாம். வைரசுக்கு அது வேலை செய்யாது. குடலில் வாழும் நல்ல பற்றீரியாக்களையும் அழிக்கும். மேற்சொன்ன நிணநீர்க் கலங்களை விழிப்பாக வைத்திருப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு.