முதல் ரயில் ஆம்பூருக்கா, வாலாஜாவுக்கா?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர், வேலை ராணிப்பேட்டையில், பெண் எடுத்தது வாலாஜாவில். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து ஆம்பூருக்கு வந்தது என்று பத்திரிகைகளில் படித்திருக்கிறேன், நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். மாமனார் ஒத்துக்கொள்வதில்லை. வாலாஜா ரோடு வரைக்கும்தான் வந்தது என்கிறார். எது சரி? வாலாஜாவுக்குத்தான் வந்தது என்றால் ஸ்டேஷன் ஏன் ஊரை விட்டு அவ்வளவு தள்ளி இருக்கிறது? அவர் சொல்லும் இன்னொன்று: வெள்ளைக்காரன் ரயில் போடுவதை விட்டுவிட்டு காட்டன் துரை சொன்னபடி கால்வாய் வெட்டியிருந்தால் பாலாறு இன்றைக்கு இப்படிக் கிடக்காது என்பார். இதற்கும் சேர்த்துப் பதில் எழுதினால் நல்லது.

எஸ்., ராணிப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்வியில் மாமனார் பக்கம்தான் தீர்ப்பு. 1856 ஜூலை 1 அன்று மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்திலிருந்து ஓட்டிய வண்டி இன்றைய வாலாஜா ரோடோடு நின்றது. இதற்குப் பழைய ஆவணம் தேடி அலைய வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும். அன்றைக்குத் திறந்த பாதையின் நீளம் அறுபத்துச் சொச்சம் மைல், கிலோமீட்டரில் நூறு சொச்சம். ஆம்பூர் சென்னையிலிருந்து ரயிலில் 180 கிலோமீட்டர் தூரம். நூறு கிலோமீட்டர் தண்டவாளத்தில் காட்பாடிக்கே வந்து சேர முடியாது, ஆம்பூருக்கு எங்கே போவது!

ஆம்பூர் என்ற பெயர் எப்படி உள்ளே வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் உண்டு. வாலாஜா ரோடு ஸ்டேஷனை ஒட்டி அம்மூர் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். பழைய ஆங்கிலக் குறிப்பில் அம்மூர் என்று இருந்ததை, அந்த ஊரைக் கேள்விப்படாத யாரோ தோல் தொழிலுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஆம்பூர் என்று திருத்தி எழுதியிருப்பார், அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். வருஷா வருஷம் ஜூலை 1 வந்தால் யாராவது ஆம்பூர் என்று போட்டுவிடுகிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, அந்த ஸ்டேஷனுக்கு அன்றைக்கு வாலாஜா என்று பெயர் கிடையாது, அம்மூர் என்றும் கிடையாது. ஆற்காடு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆற்காடோ பாலாற்றுக்குத் தென்கரையில் இருக்கிறது, ஸ்டேஷன் வடக்கே. அந்த ஸ்டேஷனில் இறங்கி ஆற்காட்டுக்குப் போக நினைத்தவர் வண்டி கட்டிக்கொண்டு ஆற்றையும் தாண்டியாக வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பாதையை ஆற்காட்டுக்காகவோ வாலாஜாவுக்காகவோ யாரும் போடவில்லை. கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கரையை, அதாவது கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேப்பூர் துறைமுகத்தை. சென்னையில் தொடங்கி, ஜோலார்பேட்டை, சேலம், போத்தனூர் என்று போய், பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து அரபிக்கடலைத் தொடுவது திட்டம். 1853இல் ராயபுரத்தில் வேலை தொடங்கியது, 1862இல் இரண்டு கரையும் இணைந்துவிட்டன. நடுவில் முடிந்த வரைக்கும் திறந்து வண்டி விட்டார்கள், அந்த முதல் துண்டு நம் ஊர்ப் பக்கம் வந்து முடிந்தது, அவ்வளவுதான். அதற்கு மேலே போனால் திருவலத்தில் பொன்னையாறு குறுக்கே வரும், பெரிய பாலம் வேண்டும். ராணிப்பேட்டையில் அப்போது குதிரைப்படை முகாம் வேறு இருந்தது. தற்காலிகமாக நிறுத்த இதைவிட வசதியான இடம் அமையாது.

பாதை போடுகிறவனுக்கு ஊர் முக்கியமில்லை, மட்டம்தான் முக்கியம். நேராகப் போக வேண்டும், ஏற்றம் குறைவாக இருக்க வேண்டும், பெரிய ஆற்றை எத்தனை தடவை தாண்டாமல் தப்பிக்கலாம் என்று பார்க்க வேண்டும். அரக்கோணத்திலிருந்து குடியாத்தம் வரைக்கும் பாதை பாலாற்றுக்கு வடக்கேயே ஓடுவதை வரைபடத்தில் பாருங்கள். வேலூர் தென்கரையில் இருந்ததால் வேலூருக்கு மெயின் லைன் கிடைக்கவில்லை, காட்பாடிக்குக் கிடைத்தது. இன்றைக்கும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் சிஎம்சிக்கு வருகிற நோயாளிகள் மூட்டை முடிச்சோடு காட்பாடியில் இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வருகிறார்கள் என்றால் அது 1850களில் ஒரு சர்வேயர் போட்ட கோடு. கோட்டை இருக்கிற, படை இருக்கிற ஊருக்கே இந்தக் கதி என்றால் வாலாஜா எம்மாத்திரம்? வேலூர் ஊருக்குள் ரயில் வந்தது பிற்பாடு, விழுப்புரம் பக்கமிருந்து வந்த மீட்டர் கேஜில். தண்டவாளம் காட்பாடியில் ஒரு அகலம், வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஒரு அகலம் என்று நூறு வருஷத்துக்கு மேல் அந்த அவஸ்தை ஓடியது, அதை எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

வாலாஜாவின் கதைதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. ரயில் வருவதற்கு முன்னால் இந்த வட்டாரத்தில் அது பெரிய சந்தை ஊர். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா உண்டாக்கியது. மேலே மைசூர்ப் பக்கத்திலிருந்து மலையிறங்கி வருகிற சரக்கும், சென்னையிலிருந்து மேலே போகிற உப்பும் துணியும் கைமாறும் இடம். மாட்டு வண்டி ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் பெரிது, ஆகவே வழியில் இறக்கி வைக்க, மாடு மாற்ற, கணக்கு முடிக்க இப்படி ஒரு ஊர் தேவைப்பட்டது. தரகர், மண்டிக்காரர், வண்டிக்காரர், லாடம் அடிப்பவர் எல்லோருடைய பிழைப்பும் அந்த மெதுவான வேகத்தில்தான் இருந்தது. ரயில் வந்ததும் சரக்கு வழியில் இறங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ஊரைத் தொடாமல் சில கிலோமீட்டர் தள்ளிப் போன பாதை, ஊரின் வியாபாரத்தை மட்டும் தொட்டது. வாலாஜா தளர்ந்தது, ராணிப்பேட்டை மேலே வந்தது. 1866இல் நகராட்சி ஆன ஊர், அந்தக் கால மெட்ராஸ் மாகாணத்தில் முன்வரிசை நகராட்சிகளில் ஒன்று, அதன் பெரிய நாட்கள் ஏறக்குறைய அந்தச் சமயத்திலேயே முடிந்துகொண்டிருந்தன. முதல் ரயில் வந்த ஊர் என்று மாமனார் பெருமைப்படட்டும், தப்பில்லை, ஆனால் அந்த ரயிலால் ஊருக்கு லாபமா நஷ்டமா என்று கேட்டால் நான் நஷ்டம் என்றுதான் சொல்வேன்.

கம்பெனிக்கு மட்டும் நஷ்டம் வராது. போட்ட முதலுக்கு ஐந்து சதவீத வட்டிக்கு அரசாங்கம் உத்தரவாதம், நிலமும் இலவசம். வண்டி காலியாக ஓடினாலும் லண்டனில் பங்கு வைத்திருப்பவருக்குப் பணம் போய்விடும், குறைகிற தொகை இங்கே வசூலித்த வரியிலிருந்து போகும். இப்படி ஒரு ஒப்பந்தம் கிடைத்தால் நீங்களும் நானும்கூட ரயில் விட்டிருப்போம்.

சரி, காட்டன். அணையும் கால்வாயும் கட்டிய ஆங்கிலேய இன்ஜினியர் ஆர்தர் காட்டன் ரயிலுக்கு ஜென்ம விரோதி என்று பலர் நினைக்கிறார்கள். 1830களில் செங்குன்றம் பக்கத்திலிருந்து சென்னைக்குக் கல் கொண்டுவர இருப்புப்பாதை போட்டதில் அவருக்குப் பங்கு உண்டு, இந்தியாவில் முதலில் போட்ட இருப்புப்பாதை அதுதான். பிற்பாடுதான் அவர் மாறினார். ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தில் கால்வாய் வெட்டினால் பாசனமும் ஆகும், படகும் ஓடும், சரக்குக் கூலியும் மலிவு என்பது அவர் வாதம். 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, 1878இல், பிரிட்டிஷ் பாராளுமன்றக் கமிட்டி முன்னால் இதற்காக வாதாடியிருக்கிறார். பஞ்ச விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு உண்டு. ரயில் இருக்கிற தானியத்தை இடம் மாற்றும், விளைவிக்காது. வட ஆற்காட்டில் அந்தப் பஞ்சத்தின்போது ரயில் பாதை போட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது, ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள்.

ஆனால் பாலாற்றுக்கு அவர் யோசனை பொருந்தாது. அவர் வேலை பார்த்தது கோதாவரியில், கொள்ளிடத்தில், வருஷத்தில் பல மாதம் தண்ணீர் ஓடுகிற ஆறுகளில். படகு மிதக்க நின்ற தண்ணீர் வேண்டும். பாலாற்றில் மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம், மற்ற நாளெல்லாம் மணலுக்கு அடியில் ஊற்று. அந்த ஊற்றுத் தண்ணீரைக் கால்வாய் தோண்டி எடுத்துத்தான் நம் ஆட்கள் பயிர் செய்தார்கள், அதில் படகு விட முடியாது. பாசனத்துக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை என்பதும் சரியல்ல. வாலாஜாவுக்குப் பக்கத்தில் பாலாற்று அணைக்கட்டைக் கட்டியது ரயில் பாதை போட்ட அதே 1850களில்தான். காவேரிப்பாக்கம் ஏரிக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. இரண்டில் ஒன்று என்ற நிலைமை இங்கே வரவே இல்லை.

பாலாறு செத்ததற்கு மேலே தேக்கியதும், மணலை அள்ளியதும், தோல் பதனிடும் ஷாப்புக் கழிவும் காரணம். 1892இலேயே மெட்ராஸும் மைசூரும் ஆற்றுநீருக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் என்றால் தகராறு எவ்வளவு பழசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஆறு 1903 நவம்பரில் வாணியம்பாடிக்குள் புகுந்து ஆட்களை அடித்துக்கொண்டும் போயிருக்கிறது, மேலே ஏரி உடைந்ததால் வந்த வெள்ளம் அது. பொன்னையாறும் லேசுப்பட்டதில்லை. 2021 மழையில் வந்த வெள்ளம் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவே ரயில் பாலத்துத் தூணை ஆட்டிவிட்டது, டிசம்பர் கடைசி வாரம் வண்டிகளை ரத்து செய்துவிட்டு அங்கே வேலை பார்த்தார்கள். அந்த வாரம் சென்னைக்கு வேலைக்குப் போகிற காட்பாடி சீசன் டிக்கெட்காரர்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள்.