சேற்றில் ஓடும் சின்னக் குருவிகள்

வணக்கம் ஐயா,

திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். கிழமைக்கு ஒருமுறை இறக்கக்கண்டிக் களப்புக்குப் பறவை பார்க்கப் போகிறேன். கொக்கு, நாரை விளங்குகிறது. சேற்றில் ஓடும் சின்னக் குருவிகள் எல்லாம் ஒரே மாதிரித் தெரிகின்றன. 12 மடங்கு தொலைநோக்கி வாங்கியும் பயனில்லை. ஓகஸ்டில் கனடாவில் இருந்து தம்பி குடும்பம் வருகிறது. அவன் தென்கிழக்கே உள்ள குமண பறவைகள் பூங்காவுக்குப் போகலாம் என்கிறான். போகலாமா?

சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

பிழை உங்கள் கண்ணில் இல்லை. 12 மடங்கு பெருக்கும் கண்ணாடி கை நடுக்கத்தையும் 12 மடங்கு பெருக்கும். களப்புக்கு 8 மடங்கு, முன்வில்லை 42 மில்லிமீற்றர் போதும். மாற்ற வசதியில்லை என்றால் நிலத்தில் குந்தி, இரண்டு முழங்கையையும் முழங்காலில் ஊன்றிப் பாருங்கள். அதற்கு முன் ஒரு வேலை: வலக்கண்ணை மூடி நடுச் சில்லைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் அரை மணித்தியாலத்தில் தலையிடிக்கும்.

அடுத்தது வெயில். குச்சவெளி வீதிக்கு மேற்கே களப்பு, கிழக்கே கடல். ஆகவே காலையில் வீதிப் பக்கம் நின்றால் சூரியன் உங்கள் முதுகில் இருக்கும். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். ஒன்பது மணிக்குப் பிறகு சேற்றிலிருந்து கானல் எழும்பிக் கால் நிறத்தைக்கூட மறைத்துவிடும். ஆறு மணிக்கே போய்விடுங்கள். பறவையை நோக்கி நேரே நடக்காமல், சாய்வாகப் பத்து அடி நடந்து நின்று, மறுபடி நடவுங்கள்.

இனி அந்தக் குருவிகள். முதலில் நிறத்தை விட்டு நடையைப் பாருங்கள். நாலைந்து எட்டு ஓடிச் சட்டென்று நின்று, குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம்: அது உப்புக்கொத்தி. தலையே நிமிராமல் தையல் மெஷின் ஊசிபோலக் குத்திக்கொண்டே போனால் கொசு உள்ளான். உப்புக்கொத்தி என்று தெரிந்ததும் பிடரிக்குப் போங்கள். பிடரியில் வெள்ளை வளையம் இல்லையென்றால் மணல் உப்புக்கொத்தி. வளையம் இருந்து, கண்ணைச் சுற்றி மஞ்சள் விளிம்பும் மார்பில் முழுப் பட்டையும் தெரிந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. வளையம் இருந்து, மார்புப் பட்டை நடுவில் அறுந்து இரு பக்கமும் துண்டாக நின்றால் பெரும்பாலும் அனுமன் உப்புக்கொத்தி. இது இங்கேயே முட்டையிட்டு வாழும் பறவை. நெடுநாள் வேறொன்றின் கிளையினமாக எண்ணப்பட்டு, 2023 ஆய்வுக்குப் பிறகே தனி இனமாக ஏற்கப்பட்டது. எங்கள் மண்ணின் பறவை என்பதால் இதைத் தெரிந்துகொள்வது எனக்குப் பெரிய விஷயம்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் வற்றுப் பெருக்கு அட்டவணை பார்க்கச் சொல்லும். எங்கள் கடலில் அந்த வித்தியாசம் மிகச் சிறிது. இங்கே கணக்கு மழைதான். மார்கழி மழையில் களப்பு நிரம்பும். கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் வற்றிச் சேறு வெளிவரும்.

ஆகவே ஓகஸ்டுக்குக் குமண வேண்டாம். கூடு கட்டும் காலம் அங்கே பெரும்பாலும் முடிந்திருக்கும், பிள்ளைகளுக்குத் தூரமும் அதிகம். அந்த மாதம் வடக்கிலிருந்து முதல் வலசைகள் உங்கள் களப்பிலேயே இறங்கும். மணல் உப்புக்கொத்தியின் மார்பில் இனப்பெருக்ககாலச் செம்பழுப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும், ஐப்பசியில் அதைக் காணமாட்டீர்கள். இன்னொரு காலை நிலாவெளியில் படகெடுத்துப் புறாமலைத் தீவுக்குப் போங்கள். கோயில் கோபுரத்துப் புறாக்களில் வெள்ளை, பழுப்பு, புள்ளி எல்லாம் கலந்திருக்கும். புறாமலையில் இருப்பவை காட்டு மாடப்புறாக்கள்: சாம்பல் உடல், செட்டையில் இரண்டு கறுப்புக் கோடு, எல்லாம் ஒரே அச்சு. அறுவடை நடந்தால் தம்பலகாமம் வயலில் மெஷினுக்குப் பின்னால் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் கூடும். அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். இராணுவ முகாம்கள் பக்கம் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டாம்.

களப்போர வெறுந்தரையில் ஒரு உப்புக்கொத்தி செட்டை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினால், முட்டையோ குஞ்சோ உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளை அப்படியே நிறுத்தி, வந்த கால்தடத்திலேயே திரும்பி நடக்கச் சொல்லுங்கள்.