நெட்டில் 4 யூனிட், நேரில் ஒன்றுமில்லை

கேள்வி: அம்மாவின் ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டார்கள். ஒரு ரத்த வங்கியில் 4 யூனிட் இருப்பதாக நெட்டில் காட்டியது. பைக்கை எடுத்துக்கொண்டு வேலூர் போனால், ஒன்றுகூட இல்லை என்றார்கள். ஏஐ வந்தால் இதெல்லாம் சரியாகிவிடுமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: அந்த அலைச்சல் எனக்கும் தெரியும். சித்தப்பாவுக்காக ஒரு ராத்திரி நான் நின்ற ஜன்னலுக்குள்ளே டெக்னீஷியன் நீள நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார், கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஷிப்ட் முடிந்த பிறகுதானாம். அதுவரை நெட்டில் பழைய கணக்குதான் தெரியும். அப்புறம், கிராஸ் மேட்ச் (நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனை) செய்து வேறொரு நோயாளிக்கு எடுத்து வைத்த பையும் சில இடங்களில் இருப்பிலேயே சேர்ந்துவிடும்.

2016-ல் மத்திய அரசு தொடங்கிய இ-ரக்த்கோஷ் தளத்தில் மாவட்டம், குரூப் வாரியாக இருப்பைப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பை வெளியே போகும் அந்த நிமிஷமே பார்கோடை ஸ்கேன் செய்து கணக்கில் கழித்தால்தான் அது உண்மையைக் காட்டும், இதற்கு ஏஐயே வேண்டாம்.

ஏஐ கைகொடுக்கிற இடம் வேறு. தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள்தான் தாங்கும், சிவப்பணுக்கள் சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 முதல் 42 நாள் வரை. டெங்கு பரவும் மழைக்காலத்தில் தட்டணுவுக்குக் கூட்டம் அலைமோதும், மே மாதம் காலேஜ் லீவு விட்டால் முகாம்கள் குறைந்துபோகும். வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குத் துணைக்கு ஒரே ஒருவர்தான் வந்திருப்பார், வாங்கிய ரத்தத்துக்குப் பதிலாக ரத்தம் கொடுக்க இங்கே அவர்களுக்குச் சொந்தமா பந்தமா? இப்படிப் பல வருஷக் கணக்கை ஏஐயிடம் கொடுத்தால், எந்த வாரம் எந்த குரூப்புக்குத் தட்டுப்பாடு வரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும். ரத்தம் கொடுத்து ஆணுக்கு 3 மாதம், பெண்ணுக்கு 4 மாதம் ஆகிவிட்டதா என்று பார்த்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் மெசேஜ் அனுப்பவும் முடியும். நோயாளி வீடு திரும்பிய பிறகும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற 'அவசரம்' செய்தியைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அந்தத் தளத்திலேயே ரத்த வங்கியின் போன் நம்பர் இருக்கும். பைக்கை எடுக்கும் முன் கூப்பிட்டு, "இருக்கிறதா?" என்பதோடு விடாமல், "யாருக்கும் எடுத்து வைக்காத பை இருக்கிறதா?" என்று கேளுங்கள்.