மாருதி 800 ஹீட்டர் கோர்: வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: 1994 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன், ஏ.சி. இல்லாத வண்டி. முன்பக்கம் இடது காலடியில் மேட் நனைந்தபடியே இருந்தது. ஹீட்டர் லீக் என்று சொல்லி, மெக்கானிக் ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு ஹோஸையும் ஒன்றாகச் சேர்த்து மாட்டிவிட்டார். "நம்ம ஊரு வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு அண்ணாச்சி?" என்கிறார். ஆனால் சாரல் நேரத்தில் குற்றாலம், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போகும்போது முன்கண்ணாடி உள்பக்கம் மங்கி ரோடே தெரிவதில்லை. புது ஹீட்டர் கோர் எங்கே கிடைக்கும்? – அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: மெக்கானிக் செய்தது தப்பில்லை. ஹோஸை வளைத்துச் சேர்த்தால் தண்ணீர் ஓட்டம் தடைபடாது, இஞ்சினுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் தேவை குளிருக்கு அல்ல, கண்ணாடிக்கு. நாலு பேர் உட்கார்ந்து சன்னலை ஏற்றிவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில்தான் போய்ப் படியும். ஏ.சி. இல்லாத வண்டியில் அந்த மங்கலைப் போக்குவதற்கு ஹீட்டரை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

கோர் என்பது இஞ்சினின் சுடுதண்ணீர் ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர். அதைத் தேடி அலைவதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாவது, ஒழுகியது உண்மையிலேயே கோர்தானா? மேட்டில் இருந்த ஈரத்தைத் தொட்டால் வழவழப்பும், முகர்ந்தால் லேசான தித்திப்பு வாடையும் இருந்திருந்தால் அது கூலன்ட், அதாவது ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். வெறும் தண்ணீராக, மழை பெய்த மறுநாள் மட்டும் நனைந்திருந்தால் அது வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே வரும் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர். அங்கே சருகு அடைத்திருக்கும். கூலன்ட்தான் என்றாலும் கோர் மட்டுமே குற்றவாளி இல்லை. ஹோஸ் மாட்டும் இடத்தில் கிளிப் தளர்ந்திருக்கலாம், சுடுதண்ணீரைத் திறந்து மூடும் வால்வின் தண்டு வழியாகக் கசியலாம். இந்த வயது வண்டிகளில் இவை இரண்டும் சாதாரணம், செலவும் கொஞ்சம்தான்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) இருக்கிறதா? இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "வண்டி சூடாகக் கூடாது" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பக்கம் நிறையவே உண்டு. அது இல்லாத இஞ்சின் ரோட்டில் ஓடும்போது சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். அப்படிப்பட்ட வண்டியில் புத்தம்புது கோர் போட்டாலும் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். இருக்கிறது என்றால் கழற்றி, கயிற்றில் கட்டி, அடி தொடாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள். அதில் 82 போல ஓர் எண் (டிகிரி செல்சியஸ்) பொறித்திருக்கும். தண்ணீர் அந்தச் சூட்டை எட்டும்போது வாய் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். இல்லாவிட்டால் புதிது போடுங்கள், கேஸ்கெட்டோடு.

இனி கோர். பழைய கோரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள், வண்டிக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றி ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, ஒரு குழாயை அடைத்து மறு குழாயில் காற்று கொடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் ரேடியேட்டர் மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ அழுத்த அளவு போட்டிருக்கும். அந்த அளவை ஒட்டியே காற்று கொடுத்தால் போதும், பஞ்சர் கடை அழுத்தத்தில் ஊதினால் நல்ல கோரும் பிளந்துவிடும். குமிழி வரும் இடம் குழாய் கழுத்து என்றால், கோர் செம்பு–பித்தளையாக இருந்தால், ஈயம் வைத்து அடைத்துவிடலாம். ஓரத்தைச் சுரண்டினால் மஞ்சளோ சிவப்போ தெரியும். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்; அதில் ஈயம் பிடிக்காது, ஒட்டும் பசை போட்டு அடைத்ததும் சூட்டில் ரொம்ப நாள் நிற்காது. குமிழி பல இடத்தில் வந்தால் ஒட்டுப்போடுவதை மறந்துவிடுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், "மாருதி 800 ஹீட்டர் கோர்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 1983 டிசம்பரில் வந்த முதல் மாடல் வேறு, 1986-இல் உடல் மாறியது வேறு, 1997-க்குப் பிறகு வந்தது வேறு. 2014 வரை ஒரே பெயரில் வந்த வண்டி என்பதால் கடைக்காரர் கையில் கிடைத்ததை நீட்டிவிடுவார். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து மாருதி உதிரிபாகக் கவுண்டரில் பாக எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். சரக்கு இல்லை என்றாலும் எண் கையில் இருந்தால் மற்ற கடைகளில் தேடுவது சுலபம். ஹீட்டர் சாமான்களின் எண் பெரும்பாலும் 74 என்றுதான் தொடங்கும். கூடவே பழைய கோரையும் கையில் எடுத்துப் போங்கள். நீளம், அகலம், கனம், குழாய்களின் வெளிவிட்டம், இரண்டு குழாய்க்கும் இடையே உள்ள தூரம், அவை வளையும் திசை – இந்த ஆறும் ஒத்துவர வேண்டும். குழாய் எதிர்த்திசையில் வளைந்திருந்தால் ஹீட்டர் பெட்டிக்குள் உட்காரவே உட்காராது.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை ஸ்பேர் கடைகளில் சொல்லி வைத்தால் மதுரையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். அங்கும் இல்லை என்றால் பழைய சாமான்தான்: காயலான் கடை, கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை. பழையது வாங்குவதானால் கோரை மட்டும் வாங்காமல் ஹீட்டர் பெட்டியை அப்படியே லீவர், கேபிள், வால்வோடு வாங்குங்கள். சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள் தனியாக எங்கும் கிடைக்காது; அவை இல்லாமல் லீவரும் வேலை செய்யாது. குழாய் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் அந்த வண்டி போர் தண்ணீரிலேயே ஓடியிருக்கிறது, விட்டுவிடுங்கள். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் முதலில் அடைபடுவது இந்த மெல்லிய குழாய்கள்தான்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. அறுந்த ஹீட்டர் கேபிளுக்குப் பதில் சைக்கிள் பிரேக் ஒயரைப் போட்டுத் தருவார்கள். அது இழுக்கும், தள்ளாது. ஹீட்டர் லீவர் இரண்டையும் செய்ய வேண்டும் என்பதால் உள்ளே ஒற்றைக் கம்பியாக, விறைப்பாக இருப்பதுதான் சரி. புளோயர் (காற்று ஊதும் விசிறி) கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் மோட்டாரை மாற்றாதீர்கள், போயிருப்பது அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர். கீச்சென்று சத்தம் வந்தால் புஷ் காய்ந்திருக்கிறது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கார்பன் பிரஷ்ஷோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்.

மாட்டும்போது இஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும். முப்பது வருஷத்து டாஷ்போர்டு பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும், ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள். கோரைச் சுற்றி ஓரத்தில் புது ஃபோம் பட்டி ஒட்டுங்கள். அது இல்லையென்றால் காற்று கோர் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும், சூடு பாதிதான் கிடைக்கும். இரண்டு ஹோஸையும் புதிதாகவே போடுங்கள். சாதாரண தண்ணீர் ஹோஸ் வேண்டாம், உள்ளே நூல் பின்னிய ஹீட்டர் ஹோஸ்தான் வேண்டும். அளவைக் குழாயில் வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி) வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கலந்தே வரும் கூலன்ட் 4 லிட்டர் கையில் இருந்தால் போதும். லீவரைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் தள்ளி வைத்துவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கோருக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்து வைத்தே ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். குமிழி அடங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி மூடுங்கள். பிறகு இரண்டு ஹீட்டர் ஹோஸையும் கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் வேலை முடிந்தது. ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோர் அடைப்பு. இரண்டுமே ஆறிக் கிடந்தால் வால்வு திறக்கவில்லை, அல்லது காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

சாரலில் ஓட்டும்போது காற்று லீவர் வெளிக்காற்றுப் பக்கம் இருக்கட்டும், ஊதும் திசை கண்ணாடிக்கு. உள்காற்றையே சுற்ற விட்டால் ஈரமும் உள்ளேயே சுற்றும். புது ஹோஸ் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு, இஞ்சின் ஆறியதும், கிளிப்பை ஒரு கால் சுற்று இறுக்கிவிட்டுச் ரேடியேட்டரோடு சேர்ந்த சின்ன தொட்டியில் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள்.