நீவினால் போகாத இடுப்புப் பிடிப்பு

கேள்வி: எனக்கு 36 வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். எட்டு மாதமாக இடுப்பில் பிடிப்பு. ஸ்டூலை விட்டு எழுந்தால் நாலு எட்டு வைத்த பிறகுதான் நிமிர முடிகிறது. மல்லாந்து காலை நீட்டிப் படுத்தால் இடுப்பு தரையில் படியாமல் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. தைலம் போட்டு நீவினால் ஒரு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடிதான். சுளுக்கு எடுப்பவர், "சதை இறுகிப்போச்சு, மிதிச்சு விட்டாத்தான் போகும்" என்கிறார். மிதிக்கலாமா மேடம்? வேலையை விட வேண்டியிருக்குமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: மிதிக்க வேண்டாம். வேலையை விடுவதைப் பற்றியும் இப்போது யோசிக்க வேண்டாம்.

மல்லாந்து படுத்தால் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். என் அம்மா சென்னிமலையில் குழித்தறியில் பெட்ஷீட் நெய்தவர். சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் தரையில் படுத்து, இரண்டு காலையும் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொள்வார். "இப்பத்தான் இடுப்பு இடுப்பா இருக்கு" என்பார். ஏன் என்று பிசியோதெரபி படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

சோவாஸ் என்று ஒரு தசை. கீழ் முதுகெலும்பின் இரு பக்கமும் தொடங்கி, அடிவயிற்றுக்குள் இறங்கி, தொடை எலும்பின் உள்பக்கம் மேலே போய் ஒட்டுகிறது. உட்கார்ந்திருக்கும்போது அது குறுகிய நிலையில் இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால், நீள மறுக்கிறது. முதுகெலும்பை முன்பக்கம் இழுக்கிறது. நாலு எட்டு வைத்த பிறகு நீங்கள் நிமிர்வது, அது கொஞ்சம் இளகுவதால்தான். காலை நீட்டிப் படுத்தாலும் இதே இழுப்புதான். முழங்காலை மடக்கிக்கொண்டால் இழுப்பு விடும். இன்று ராத்திரியே முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்துப் படுத்துப் பாருங்கள்.

நீவுவது முதுகை, இழுப்போ முன்பக்கம். அதுவும் போக, இறுகிப்போச்சு என்று நாம் சொல்வது எப்போதும் சதை குட்டையாகிவிட்டதைக் குறிக்காது. வலிக்கிற இடத்தைக் காப்பாற்ற உடம்பே சுற்றியுள்ள தசைகளைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும். பலம் குறைந்த தசையும் சீக்கிரம் களைத்து இறுகும். நீவும்போது நரம்புகள் அமைதியாகின்றன, அதனால் ஒரு நாள் சுகம். மிதித்தால் உடம்பு இன்னும் பயந்து இறுக்கிப் பிடிக்கும். இறுக்கம் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். உடம்பு நன்றாக வளைகிறவர்களும் இடுப்பு வலியோடு என்னிடம் வருகிறார்கள்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். கட்டில் விளிம்பில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மற்ற காலைக் கீழே தொங்க விடுங்கள். தொங்குகிற காலின் தொடை கட்டிலில் படியாமல் மேலே நின்றால் முன்பக்கம் இறுக்கம் இருக்கிறது. பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருந்தால், பாய் விரித்து வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது பாதத்தை முன்னால் வையுங்கள். வலது பிட்டத்தை இறுக்கி, உடம்பை நிமிர்த்தி, மெதுவாக முன்னால் நகருங்கள். வலது தொடை தொடங்கும் இடத்தில் இழுக்க வேண்டும். முதுகில் வலித்தால் வளைத்துச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். 30 விநாடி, பக்கத்துக்கு மூன்று முறை. அப்புறம் மல்லாந்து, முழங்கால் மடக்கி, பிட்டத்தைத் தூக்கி இறக்குங்கள், பத்து முறை. இதை விட்டுவிடாதீர்கள், இறுக்கம் திரும்பாமல் காப்பது இந்தப் பலம்தான். ஆறு வாரமாவது செய்ய வேண்டும்.

பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு எழுந்து நடக்க நேரம் ஏது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பண்டல் முடிந்ததும் எழுந்து நின்று, கையை இடுப்பில் வைத்து ஐந்து மூச்சு விடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

ஒரு எச்சரிக்கை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் துவண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் அடங்காத ராத்திரி வலி இருந்தாலும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நான் பஸ் டிரைவர், வயது 45. குனிந்து காலைத் தொட முடிந்தால் இடுப்பு வலி போய்விடும் என்கிறார்கள். முயன்றால் தொடையின் பின்பக்கம் விண்ணென்று இழுக்கிறது. விடாமல் செய்யலாமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: நின்றுகொண்டு குனிய வேண்டாம். தொடையின் பின்தசை, நாம் உட்காரும் எலும்பில் தொடங்குகிறது. அது விடாதபோது இடுப்பு மூட்டு மடங்காமல் நிற்கும், வளைவதையெல்லாம் முதுகே வளைய வேண்டிவரும். மல்லாந்து படுத்து, பாதத்தில் ஒரு துண்டைப் போட்டுக் காலைத் தூக்கி, இழுப்பு தெரிகிற இடத்தில் 30 விநாடி நிறுத்துங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கினால் பரவாயில்லை. ஆனால் அந்த இழுப்பு முழங்காலுக்குக் கீழே கரண்ட் மாதிரி ஓடினால் அது சதை இல்லை, நரம்பு. இழுக்க இழுக்க அது கோபப்படும். அப்படியானால் நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.