களியக்காவிளை வக்கீல் பதில்கள்

கே: 2012-இல் நம் மீனவர் இருவரைச் சுட்டுக் கொன்ற இத்தாலிக் கடற்படைக்காரர்களையே இங்கே தண்டிக்க முடியவில்லை. போர்க்குற்றவாளிகளை எந்தக் கோர்ட்டு என்ன செய்துவிடும்?
*விசைப்படகுத் தொழிலாளி, தூத்தூர்*

ப: கோபம் நியாயம். செத்தவர்களில் ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் குமரிக் கடற்கரைப் பையன். நீண்டகரையிலிருந்து போன படகு. கடற்கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதாகச் சொன்னார்கள். கேரள போலீஸ் பிடித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம், கேரளத்துக்கு அதிகாரமில்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கட்டும் என்றது. கடைசியில் விவகாரம் ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்குப் போனது. அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், ஆகவே இந்தியா விசாரிக்க முடியாது என்று 2020-இல் ஐந்து நடுவர்களில் மூவர் சொன்னார்கள். இத்தாலி நஷ்டஈடு தர வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. வந்தது 10 கோடி ரூபாய்: குடும்பத்துக்கு 4 கோடி வீதம், படகு உரிமையாளருக்கு 2 கோடி. அதோடு 2021-இல் இங்கே வழக்கு முடிந்தது. இத்தாலியில் விசாரிப்போம் என்றார்கள். 2022-இல் ரோமில் அதையும் மூடிவிட்டார்கள். எனக்கு இன்னும் அது ஜீரணமாகவில்லை.

ஆனால் அது போர்க்குற்ற வழக்கு அல்ல. அதே ஹேக்கில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் என்று வேறொன்று இருக்கிறது. ‘அரசு வேலையாகச் செய்தேன்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஜனாதிபதியோ பிரதமரோ, பதவியைச் சொல்லித் தப்ப முடியாது என்கிறது அதன் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. எழுதினது சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பிடித்துக் கொண்டுவர அந்தக் கோர்ட்டுக்குச் சொந்தமாக ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது, அதுதான் சங்கடம்.

கே: வாரண்ட் இருக்கும்போதே புதின் டெல்லி வந்துபோனாரே?
*கல்லூரி மாணவி, பாறசாலை*

ப: உக்ரைன் குழந்தைகளை ரஷ்யாவுக்குக் கொண்டுபோன குற்றச்சாட்டில் 2023 மார்ச்சில் வந்த வாரண்ட் அது. அந்த நீதிமன்றத்தை உண்டாக்கிய ரோம் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. அதனால் 2025 டிசம்பரில் வந்தவரைப் பிடிக்கும் கடமை நமக்கில்லை. உறுப்பு நாடான மங்கோலியா 2024-இல் அணிவகுப்பு மரியாதையோடு வரவேற்றதே, வெட்கக்கேடு அதுதான். இதே கோர்ட்டின் வாரண்ட் உள்ள இஸ்ரேலின் நெதன்யாகு போனபோது ஹங்கேரியும் பிடிக்கவில்லை. நீதிமன்றத்தை விட்டே விலகுகிறோம் என்று அறிவித்தது.

அதற்காக வாரண்ட் வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம். 2023-இல் உறுப்பு நாடான தென்னாப்பிரிக்காவில் நடந்த பிரிக்ஸ் மாநாட்டுக்குப் புதின் போகாமல் வீடியோவில்தான் பேசினார். பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் டுடெர்ட்டே கதை இன்னும் சுவாரஸ்யம். நாற்காலி போன பிறகு, 2025 மார்ச்சில் ஹாங்காங்கிலிருந்து மணிலாவில் வந்து இறங்கியதும் பிடித்து, அன்றைக்கே ஹேக்குக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

கே: நம்ம செக்போஸ்ட்டில் ரேஷன் அரிசி மூட்டைதான் மாட்டுகிறது. பெரிய ஆள் யாராவது எல்லையில் மாட்டியதுண்டா?
*சாயாக்கடைக்காரர், களியக்காவிளை*

ப: உண்டு. லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லர், 2006 மார்ச்சில் நைஜீரியாவிலிருந்து கேமரூனுக்குள் நழுவப் பார்த்து எல்லையில் பிடிபட்டார். தூதரக நம்பர் பிளேட் போட்ட வண்டி வேறு! சியரா லியோன் போர்க் கொடுமைகளுக்குத் துணைபோனதற்காக 2012-இல் 50 வருஷம் போட்டார்கள். பிரிட்டன் சிறையில் இருக்கிறார்.

கே: 2009-இல் முள்ளிவாய்க்காலில் செல் குண்டு விழுந்து அண்ணா போய்விட்டார். அவருடைய ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டும் இரண்டு படங்களும் என்னிடம் இருக்கின்றன. இத்தனை வருஷம் கழித்து இவற்றால் ஏதும் பயன் உண்டா?
*இலங்கைத் தமிழர் முகாம், குமரி மாவட்டம்*

ப: உண்டு, தங்கச்சி. தண்டனை நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இலங்கையும் ரோம் உடன்படிக்கையில் இல்லை. இலங்கையே ஒப்புக்கொள்ளாவிட்டால், ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பினால்தான் ஹேக் கோர்ட்டு இதை எடுக்க முடியும். அந்தச் சபையில் வீட்டோ இருக்கிறது. 2014-இல் சிரியாவை அனுப்பப் பார்த்தபோது ரஷ்யாவும் சீனாவும் தடுத்துவிட்டன.

ஆனால் அதே சிரியாவின் உளவுத்துறைக் கர்னல் ஒருவர் ஜெர்மனியில் போய்த் தஞ்சமடைந்தார். அவருடைய சிறையில் அடிவாங்கி, தாங்களும் அகதியாக வந்திருந்தவர்கள் கோப்லென்ஸ் நகரத்துக் கோர்ட்டில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். ராணுவப் படப்பிடிப்பாளர் ஒருவர் சிரியாவிலிருந்து கடத்திவந்த பிணங்களின் படங்களும் ஆதாரமாயின. 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை. குற்றம் நடந்தது ஜெர்மனியிலும் அல்ல, செய்தவர் ஜெர்மன்காரரும் அல்ல. இருந்தும் அங்கே விசாரிக்க முடிந்தது.

இலங்கை விஷயத்தில், ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை தீர்மானம் போட்டது. ஜெனீவாவில் மனித உரிமை ஆணையர் அலுவலகம் அந்த வேலையைச் செய்கிறது.

அதனால் அந்தத் துண்டை லேமினேட் செய்துவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு எதைக் கண்டாலும் லேமினேஷன்தான். உறையில் போட்டு, ஈரம் படாமல் வையுங்கள். அதன்மேல் எதுவும் எழுதக் கூடாது. தனித்தாளில் தேதி, இடம், பக்கத்தில் இருந்தவர்கள் யார், துண்டு உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கண்ணால் கண்டதையும் கேள்விப்பட்டதையும் கலக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் முதலில் பிடிப்பது அங்கேதான். படங்கள் போனில் எடுத்தவை என்றால் அந்தப் பழைய போனோ மெமரி கார்டோ இருக்கிறதா பாருங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நாள், இடம் பற்றிய விவரம் அழிந்துவிடும். வெளிநாட்டில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு பிரதி அவரிடமும் இருக்கட்டும்.